கதையைக் கேட்க மறுத்த அண்ணனுக்கு

டாகூர் தியேட்டர் வாசலில் என் ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணனுக்கு,

உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் இதைப் பத்திரிகையில் எழுத வேண்டியிருக்காது. ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு போயிருக்கும். "மொத நாளே நம்பர் கேக்காதே தம்பி. நம்பர் கேக்குறவன் மூஞ்சி யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்று சொன்னவர் நீங்கள்தான். சொன்னபடியே நடந்தேன். ஐந்தாம் நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று உங்களைத் தேடினால், நான்காம் நாள் ராத்திரியே ரயில் ஏறிவிட்டீர்கள் என்றார்கள். பெயர் மட்டும் தெரியும். அதையும் இங்கே எழுதவில்லை. "டைட்டில் கார்டுல வராத பேரை நீ எதுக்குய்யா பேப்பர்ல போடுறே" என்பீர்கள்.

2022 மார்ச் மாதம் அது. திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா, 26-ஆவது முறை. வழக்கமாக அது டிசம்பரில் வரும். சென்னை விழாவும் டிசம்பர்தான். கோவா விழா நவம்பர். சினிமாக்காரர்களுக்கு அது விழாக்காலம். எங்களுக்கோ சம்பா வயலில் நிற்கும் காலம். மூணாறு தலைப்பில் வெண்ணாற்றைவிட்டுப் பிரிகிற கோரையாறு திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது எங்கள் நிலம். கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தார்கள் என்று டி.வி.யில் பூத்தூவிக் காட்டும்போது எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் எல்லார் தண்ணீரும் வடிந்து எங்கள் தலையில்தான் வந்து விழும். வடிகால் வெட்டுகிற மாதத்தில் ஒரு பிள்ளை "படம் பார்க்கப் போகிறேன்" என்று பையைத் தூக்கினால் ஊர் சிரிக்கும்.

அந்த வருஷம் கொரோனாவால் விழாவை மார்ச் 18 முதல் 25 வரை என்று தள்ளி வைத்தார்கள். அறுவடை முடிந்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் நான்கு ராத்திரி குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்து, ஈரப்பதம் 17-க்குள் இறங்கும்வரை காயவைத்து, சன்ன ரகத்தைக் குவிண்டால் 2,060 ரூபாய்க்குப் போட்டிருந்தோம். பணம் அப்பா கணக்கில் ஏறிவிட்டது. வயலில் உளுந்து காய்பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அம்மா போதும். அப்பா ஐயாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஊர்ல ஓடாத படமாடா அங்க ஓடுது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம்ப்பா, ஊரில் ஓடாத படம்தான் என்றேன். அதை அவர் எதிர்த்துப் பேசியதாக எடுத்துக்கொண்டார்.

பையில் இரண்டு சட்டை, ஐந்து ஸ்கிரிப்ட். மன்னார்குடியில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது, ஒவ்வொன்றும் 118 பக்கம். சாலிகிராமத்தில் ஒரு வருஷம் உதவி இயக்குநராக இருந்து, 2020-இல் ஊரடங்கு வந்ததும் மஞ்சப்பையோடு திரும்பிவந்தவன் நான். சினிமாவுக்குள் நுழைகிற கதவு சென்னையில் சாத்தியிருக்கிறது, திருவனந்தபுரத்தில் திறந்திருக்கும் என்று ஏதோ ஒரு கணக்கு. பெரிய ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நடமாடுவார்கள், ஐந்து பேர் கையில் கொடுத்துவிட்டால் ஒருவராவது படிப்பார் என்று நினைத்தேன்.

முதல் நாளே ஒருவரிடம் கொடுத்தேன். யார் என்று சொல்ல வேண்டாம். இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இடைவெளியில் நீட்டினேன். சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். இருபது நிமிஷம் கழித்துச் சாயா குடிக்கப் போன இடத்தில் ஒருவர் என் தோளைத் தட்டினார். "தம்பி, ஒங்க பிள்ளைய அங்க நாற்காலியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க." கையில் என் ஸ்கிரிப்ட். அதன் மேல் சாயா கிளாஸின் வட்டம்.

நீங்கள் அதைத் திறக்கவில்லை அண்ணே. அதுதான் எனக்கு முதலில் கோபம் மூட்டியது. அட்டையில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் பார்த்தீர்கள். "மொத சீன் பெரிய கோவில்தானே?" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "ட்ரோன் மேலேர்ந்து எறங்குது. அப்புறம் பச்சை வயல். நாயனச் சத்தம். அப்புறம் ஒரு பாட்டி டவரா டம்ளர்ல காபி ஆத்துறா." பாட்டி மட்டும்தான் என் ஸ்கிரிப்டில் இல்லை. மற்றதெல்லாம் அந்த வரிசையிலேயே இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பெரிய கோவிலுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறந்ததிலிருந்து மூன்று தடவை போயிருக்கிறேன், அதில் ஒன்று பள்ளிச் சுற்றுலா. இருந்தும் கதையை அங்கே தொடங்கியிருந்தேன். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் என்று சொன்னால் சினிமாவில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நானாக முடிவு செய்திருக்கிறேன் போலிருக்கிறது.

மானம் போனதைச் சமாளிக்க, "கதை அது இல்லண்ணே, கதை என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தினீர்கள்.

அந்த இடத்தை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சென்னையில் என் கதையைக் கேட்டவர்கள் நிறைய. ஒருவர் மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ஒருவர் கார் ஓட்டிக்கொண்டே கேட்டார், இறங்கும்போது என் பெயரைக் கேட்டார். ஒரு கம்பெனியில் மூன்று மணி நேரம் நேரேஷன் கொடுத்தேன், எழுந்து கட்டிப்பிடித்தார்கள், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்.

"நான் முப்பது வருஷமா கதை டிஸ்கஷன்ல ஒக்காந்து சோறு சாப்பிடுறவன். நாளைக்கு எங்கயோ ஒரு ரூம்ல என் வாயிலேர்ந்து ஒரு சீன் வரும். அது என்னோடதா, ஒன்னோடதான்னு எனக்கே தெரியாது. நீ தியேட்டர்ல ஒக்காந்து அழுவே. எனக்கு அந்தப் பாவம் வேணாம்."

அப்புறம் ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னீர்கள். டில்லியில் ஆர்.ஜி.ஆனந்த் என்று ஒரு நாடகாசிரியர். 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம், பஞ்சாபிக் குடும்பமும் மதராசிக் குடும்பமும் கல்யாணத்தில் மோதிக்கொள்கிற கதை. அதை அவர் ஒரு சினிமா இயக்குநருக்கு நேரில் சொல்கிறார். 1956-இல் 'நியூ டெல்லி' என்று படம் வருகிறது. கிஷோர் குமார், வைஜயந்திமாலா, அதே பஞ்சாபி, அதே மதராசி. ஆனந்த் கோர்ட்டுக்குப் போகிறார். கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் என்று போய் 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது: கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. ஆனந்த் தோற்றார். "வாயால சொன்னது காத்துல போச்சு. எழுதினதுதான் நிக்கும். அதனால மொதல்ல எழுது, எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ணு, அப்புறம் பேசு. எல்லாரும் திருடன்னு நெனைக்காதே. பாதிப்பேர் மறந்துட்டுத்தான் திருடுறான்." ஒரு சாயாவும் பழம்பொரியும் தீர்வதற்குள் இவ்வளவும். காசையும் நீங்களே கொடுத்தீர்கள்.

எனக்கு அது முழுதாக உறைக்க நாளாயிற்று. நான் நன்றாகக் கதை சொல்வேன் அண்ணே, அதில்தான் கோளாறே. எங்கள் பக்கத்து மண்ணில் அது ஒட்டிக்கொண்டு வருவது. தமிழில் கதாகாலட்சேபத்துக்கு வழிபோட்டவர் என்று தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரைத்தான் சொல்கிறார்கள். ஒரு ஆள், ஒரு சிப்ளாக்கட்டை, விடியவிடியச் சபை அசையாது. எங்கள் ஊரில் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் படுக்கிற ராத்திரிகளில் அப்படிச் சொல்கிற பெரியப்பா ஒருவர் இருந்தார். பேய் வரும் இடத்தில் குரலை இறக்கி, தீப்பெட்டியை உரசுவார். நானும் நேரேஷனில் அதையே செய்துகொண்டிருந்தேன். கட்டிப்பிடித்த கம்பெனிக்காரர் கட்டிப்பிடித்தது என் குரலை. நீங்கள் சொன்னீர்களே, "நேரேஷன்ல ஜெயிக்கிறது கதை இல்ல, சொல்றவன் தொண்டை. படத்துல ஒன் தொண்டை வராது" என்று. அதைக் கேட்டபோது பெரியப்பாவின் தீப்பெட்டி ஞாபகம்தான் வந்தது.

மறுநாள் வரிசையில் எனக்கு இடம்பிடித்து வைத்திருந்தீர்கள். 'கூழாங்கல்'. ரோட்டர்டாமில் 2021-இல் புலி விருது வாங்கிவிட்ட படம். அதற்கும் கேரளத்தார் வெயிலில் நின்றார்கள். ஆட்டோ ஓட்டுகிறவரும் காலேஜ் பிள்ளையும் ஒரே வரிசையில், காசு கொடுத்து வாங்கிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. உள்ளே இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்தோம். "பேச்ச எண்ணிக்கிட்டே பாரு" என்று காதில் சொன்னீர்கள். எண்ண ஆரம்பித்து எங்கேயோ விட்டுவிட்டேன். குடிகார அப்பனும் பையனும் வெயிலில் நடக்கிறார்கள், தாகத்துக்குப் பையன் கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். மதுரைப் பக்கத்துப் பொட்டல். தண்ணீர் மிதமிஞ்சி வயல் அழுகுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு நா வறண்டது. 75 நிமிஷத்தில் படம் முடிந்துவிட்டது. என் ஸ்கிரிப்டில் அதற்குள் இரண்டு பாட்டும் ஒரு பஞ்சாயத்தும்கூட முடிந்திருக்காது.

பி.எஸ்.வினோத்ராஜ் டி.வி.டி. கடையில் வேலை பார்த்துக்கொண்டே உலகப்படம் பார்த்தவர் என்பதும், புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தன் உடன்பிறந்தவள் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்து வந்ததிலிருந்து அந்தப் படம் பிறந்தது என்பதும் அவரே பலமுறை சொல்லியிருப்பது. நீங்கள் அதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்தீர்கள்: "கூடப்பொறந்தவ அழுததை அவர் எடுக்கல பாத்தியா? நடந்ததை எடுத்தாரு. தூரத்தை எடுத்தாரு." விழா முடிவில் பார்வையாளர் விருது அந்தப் படத்துக்கே போனது. அப்போது நீங்கள் இல்லை. நான் கைதட்டினேன், உங்களுக்கும் சேர்த்து.

திறந்த உரையாடல் அரங்கில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. ஒரு இயக்குநரிடம் ஒருவர் எழுந்து, தன் ஊர், தன் படிப்பு, தான் எழுதியிருக்கும் கதை எல்லாம் சொல்லிக் கடைசியில் கேள்வியை மறந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எழுந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். "யாருகிட்டப் பேசணுமோ அவன் படத்தை மொதல்ல பாரு. அவன் மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒண்ணைக் கேளு. ஒன்னைப் பத்தி அவன் கேட்டாச் சொல்லு" என்றீர்கள். அன்று சாயங்காலம் ஒரு எடிட்டரிடம், படத்தில் எந்தக் காட்சியை வெட்டியபோது கை நடுங்கியது என்று கேட்டேன். நின்றபடியே அரை மணி நேரம் பேசினார். என் கதையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது அவராக, "நீங்க என்ன பண்றீங்க?" என்றார். நெல் போடுகிறேன், எழுதுகிறேன் என்றேன். அந்த வரிசையில் சொன்னது அதுவே முதல் தடவை.

கோவாவைப் பற்றியும் சொன்னீர்கள், கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி. என்.எஃப்.டி.சி. 2007-இலிருந்து நடத்துகிற ஃபிலிம் பஜார், அங்கே எழுத்தாளர்களுக்கென்று இருக்கும் பட்டறை, 'லஞ்ச்பாக்ஸ்' போன்ற படங்கள் அந்த வழியாக வந்தது. "அங்க தொண்டைக்கு வேலையே இல்ல. ஒரு பக்கம் கேப்பான், இங்கிலீஷ்ல." ஊருக்கு வந்து அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். 'கடைமடை' என்பதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் கிடைக்காமல் இரண்டு நாள் ஓடியது. கிடைத்தது வெறும் திசையைச் சொன்னது. கடைசியில் இருப்பவனின் வயிற்றெரிச்சல் அதில் இல்லை. அக்கா மகள்தான், "மாமா, அர்த்தம் எழுதாதீங்க, தண்ணி எத்தனை நாள் கழிச்சு வரும்னு எழுதுங்க" என்றாள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. நீங்கள் 'தூரத்தை எடுத்தாரு' என்றது அப்போது கொஞ்சம் புரிந்தது.

பழைய ஆட்கள் எப்படி உள்ளே போனார்கள் என்று ஒருநாள் பேசிக்கொண்டிருந்தோம், கைரளி தியேட்டர் படிக்கட்டில். திருக்குவளையிலிருந்து கலைஞர். நன்னிலம் பக்கத்திலிருந்து கே.பாலசந்தர், ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தா வேலை, சாயங்காலம் நாடகம், 1964-இல் 'தெய்வத்தாய்' வசனம், மறுவருஷமே 'நீர்க்குமிழி' இயக்கம். தி.ஜானகிராமனின் 'நாலு வேலி நிலம்' சகஸ்ரநாமம் குழுவில் நாடகமாக நடந்து, 1959-இல் படமானது. எல்லாரையும் சினிமாவுக்கு அழைத்துப் போனது நாடக மேடை. அந்த மேடை இப்போது கிடையாது; எங்கள் பக்கத்துச் சபாக்களில் பாதி கல்யாண மண்டபம். "அதான் எங்களுக்கு இந்த வரிசை" என்றேன். "வரிசையில முன்னாடி நிக்குறவனையே பாக்காதே. பக்கத்துல நிக்குறவனைப் பாரு. பத்து வருஷம் கழிச்சு இவங்கதான் இண்டஸ்ட்ரி" என்று படிக்கட்டில் பாடிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டினீர்கள். அதில் ஒலிப்பதிவு படிக்கும் கொல்லத்துப் பையன் ஒருவன், மதுரையிலிருந்து வந்த ஒளிப்பதிவு உதவியாளப் பெண் ஒருத்தி, இன்னும் இரண்டு பேர். இன்றைக்கும் மாதம் ஒரு ஞாயிறு, எழுதியதை மாற்றிப் படித்துக்கொள்கிறோம். மதுரைக்காரி இரக்கமே இல்லாதவள். அவள் கேட்ட ஒரு கேள்வியில் என் பஞ்சாயத்துக் காட்சி மொத்தமாகப் போயிற்று.

நல்ல சேதி சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். படம் ஆகவில்லை அண்ணே. 118 பக்கம் 84 ஆயிற்று. இரண்டு பட்டறைகளுக்கு அனுப்பினேன், இரண்டிலும் இல்லை என்றார்கள். ஒன்றிலிருந்து அரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதியிருந்தார்கள். அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "வேணாம்னு சொல்றதுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கான், நல்ல மனுஷன்" என்றார். கொள்முதல் நிலையத்தில் அந்த மாதிரி ஒரு காகிதம் அவருக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா நடத்திவந்த நெல் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரம்பரிய விதைநெல் இரண்டு கிலோ கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். அப்பா அப்படி வாங்கி வந்த மாப்பிள்ளைச் சம்பா எங்கள் வயலில் நின்றிருக்கிறது. உங்கள் கணக்கையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். போன வருஷம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பையனும் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணும் வந்தார்கள், ஆளுக்கொரு ஸ்பைரல் நோட்டோடு. அந்தப் பையன் உட்காருவதற்கு முன்பே, "கதை என்னன்னா அண்ணே" என்றான். கையைத் தூக்கி நிறுத்தினேன். முகம் வாடிப்போயிற்று. எனக்கும் அன்று அப்படித்தான் வாடியிருக்கும். பிறகு அந்தப் பெண்ணின் நோட்டைத் திறக்காமலே, "மொத சீன் அலையாத்திக் காடுதானே?" என்றேன். அவள் அரண்டுபோய், "எப்படிண்ணே தெரியும்?" என்றாள். சாயா இல்லை, டீதான். காசை நான்தான் கொடுத்தேன்.

இன்னும் சம்பாவுக்கு நாற்று விடவில்லை, தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள், என் முகவரி அவர்களிடம் இருக்கிறது. வருவதாக இருந்தால் தை மாதம் வாருங்கள், கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தருகிறேன்.

பெரிய கோவிலை எடுத்துவிட்டேன். ட்ரோன் இல்லை, நாயனம் இல்லை. முதல் சீன் இப்போது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்போல்தான் இருக்கிறது. ஆனால் இது பத்திரிகை. எத்தனையோ பேர் படிப்பார்கள். சங்கத்தில் பதிவு இன்னும் பாக்கி.

அன்புள்ள தம்பி,
கோரையாற்றுக் கடைமடை